செருப்பு தைக்கும் ஊருக்கு நடக்க ஒரு சாலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கச் செயலாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "அமெரிக்கா போய்ட்டு வந்தீங்களே சார், அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். பேசுகிறேன். ஆனால் அங்கே பார்த்த கட்டடங்களைப் பற்றியோ கடைகளைப் பற்றியோ பேசப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் பிள்ளைகளே போனில் காட்டிவிடுகிறார்கள். அங்கே ஒரு நாள் காலையில் நான் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் அந்த நடை என்னைத் திரும்பவும் நம்ம ஆம்பூர் ரோட்டில் கொண்டுவந்து விட்டது.

முதலில் நம்ம ரோடு. என் வயதுக்காரர்களுக்கு அது 'டிரங்க் ரோடு'. 1975 முதல் 1978 வரை நான் நம் கல்லூரிக்கு அந்த ரோட்டில்தான் நடந்து வந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. பெரும்பாலும் நடைதான்! இரண்டு பக்கமும் புளியமரம். வெயில் தெரியாது. புளி உலுக்கும் காலத்தில் ஏலம் எடுத்தவருடைய ஆட்கள் காவல் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இரண்டு பழம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் கல்வியின் ஒரு பகுதி. ஆவாரம்பட்டையும், ஜவ்வாது மலைக் கடுக்காயும் ஏற்றிய மாட்டு வண்டிகள் தோல் ஷாப்புகளுக்குப் போகும். பட்டையின் வாசனை ஒரு பக்கம், பச்சைத் தோலின் நாற்றம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் எங்களுக்கு ஊர் மணம்.

அந்த ரோட்டின் பழமை அப்போது எங்களுக்குத் தெரியாது. வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும், நான் விஞ்ஞான மாணவன். 1749 ஆகஸ்டு 3ஆம் தேதி ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். கர்நாடகப் போர்களின் போக்கையே மாற்றிய சண்டை அது. 1767இல் ஹைதர் அலி ஆம்பூரை முற்றுகையிட்டார். மைசூர்ச் சீமையிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குகிற படைகளுக்கு இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கும் ஒரு வழி. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் அல்லவா? அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். சுமார் 25 கிலோமீட்டர். அந்த ரோடு அவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் வேலூரின் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆற்றாமை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு தண்டவாளம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே மேற்கே நீண்டது. ஆறு, ரோடு, ரயில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே போகும்.

இனி அமெரிக்கா. என் மகள் குடும்பம் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டு பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரான பீவர்ட்டனில்தான் நைக்கி ஷூ கம்பெனியின் தலைமையகம். முப்பது வருஷத்துக்கு மேல் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் நான். அங்கே போய் இறங்கியதும் மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு மரியாதை கலந்த பயம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி சொன்னாள்: "தாத்தா, இன்னைக்கு ஹைக் போறோம். ரொம்ப ஈஸி. ஒங்களால முடியும்."

மலையேற்றம் என்றதும் எனக்கு மூட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்தால் அது மலைப்பாதை இல்லை. அருமையான தார் ரோடு. ஆனால் ஒரு கார் இல்லை, ஒரு லாரி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்.

அதன் கதை இது. கொலம்பியா என்கிற பெரிய ஆற்றின் ஓரமாக, மலையைக் குடைந்தும் சுற்றியும், 1913 முதல் 1922 வரை ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். டிரவுட்டேலில் தொடங்கி த டால்ஸ் என்ற ஊர் வரை சுமார் 117 கிலோமீட்டர். சாமுவேல் லங்காஸ்டர் என்பவர் முக்கியமான பொறியாளர். அவரும், அந்தச் சாலைக்காகப் பாடுபட்ட சாமுவேல் ஹில் என்பவரும் 1908இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மலைச் சாலைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஏற்றம் எங்கேயும் நூற்றுக்கு ஐந்து அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று கணக்கு வைத்துப் போட்டார்கள். அதனால்தான் நூறு வருஷம் கழித்து என் மூட்டும் தப்பித்தது.

பிறகு என்ன ஆயிற்று? நமக்கு ஆனதுதான். லாரி பெருத்தது, வேகம் பெருத்தது. கீழே ஆற்றங்கரையோடு நேர்கோடாகப் புது ரோடு வந்தது. பழையது வேண்டாததாகப் போயிற்று. சில இடங்களில் அதை உடைத்தே புது ரோடு போட்டார்கள். மோசியர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இரண்டு சுரங்கங்கள் இருந்தன. 1950களில் அவற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி அடைத்துவிட்டார்கள்.

1986இல் அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய சாலையின் மிச்சங்களை மீட்டு, நடக்கிற பாதையாக இணைக்க வேண்டும் என்பதும் அதில் வந்தது. அடைத்த சுரங்கங்களைத் திரும்பத் தோண்டி, 2000ஆம் ஆண்டு நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரே மூச்சில் முடித்த வேலை இல்லை. துண்டு துண்டாக, காசு கிடைக்கக் கிடைக்க, கிட்டத்தட்ட நாற்பது வருஷமாகச் செய்கிறார்கள்.

நாங்கள் நடந்தது ஹூட் ரிவர் என்ற ஊரிலிருந்து மோசியர் வரை உள்ள துண்டு. மறு முனையில் மாப்பிள்ளை காரோடு காத்திருப்பதாக ஏற்பாடு. ஆரம்பத்தில் நெடிய ஊசியிலை மரங்கள், ஈரம், குளிர். போகப் போக மரம் குறைந்து, காய்ந்த புல்லும் பாறையும் வந்தன. கடைசியில் நம்ம ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஏழு கிலோமீட்டருக்குள் அத்தனை மாற்றம். சுரங்கத்துக்குள் ஆற்றைப் பார்க்க ஜன்னல் மாதிரி திறப்பு வைத்திருக்கிறார்கள். 1921 நவம்பரில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சுரங்கச் சுவரில் தங்கள் பெயரையும் தேதியையும் செதுக்கியிருக்கிறார்கள். மீட்டபோது அதை அழித்துவிடாமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

என்னை உலுக்கியது அது இல்லை. சுரங்கத்தைத் தாண்டியதும், மேலேயிருந்து பாறை உருண்டு விழக்கூடிய ஓர் இடம். அங்கே பாதைக்கு மேலே, விழும் கல்லைத் தாங்குகிற மாதிரி கனமான ஒரு கூரை கட்டியிருக்கிறார்கள். யாருக்காக? வண்டிக்காக இல்லை. நடந்து போகிறவன் தலையில் கல் விழக்கூடாது என்பதற்காக. அதன் கீழே நின்றுவிட்டேன்.

"என்ன தாத்தா, கால் வலிக்குதா?" என்று பேத்தி கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

தொழில் புத்தி போகாது. வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். இது பேஸ்டிங் சோல், இது தையல் சோல், இதன் அப்பர் நல்ல தோல், இது ரெக்சின் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. உலகத்தில் எத்தனையோ கால்களுக்கு ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகின்றன. போட்டுக்கொண்டு நடப்பதற்கு அங்கே ரோட்டையே மீட்டு வைத்திருக்கிறார்கள். தைக்கிற ஊரில் நடக்க இடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன்.

ஊர் வந்ததும் இரண்டு வகுப்புத் தோழர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இன்னொருவர் வாணியம்பாடிக்காரர், மூன்று தலைமுறையாகத் தோல் ஷாப் நடத்திய குடும்பம், எங்களுக்கு எப்போதும் 'பாய்'. விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார்: "ஏம்பா, அமெரிக்காவுல ரோடு பார்த்துட்டு வந்து எங்களை என்.எச்.சுல நடக்கச் சொல்றியா? இன்ஷூரன்ஸ் இருக்கா?"

பொங்கல் முடிந்த ஒரு காலை ஆறு மணிக்கு, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஓர் இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். புது ரோடு போட்டபோது பழைய ரோட்டின் வளைவுகளை நேராக்கினார்கள். நேராக்கினால் வளைந்த துண்டு என்ன ஆகும்? எங்கேயாவது கிடக்கும். அதைத் தேடினோம். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. முக்கால் கிலோமீட்டர் இருக்கும். ஊர்ப் பெயரை இப்போது சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் சொல்கிறேன்.

பதினோரு புளியமரம் நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காது. மரத்தில் அந்தக் காலத்து நம்பர் தகடு அடித்த தழும்பு இருந்தது. ரோடு முழுக்கச் சீமைக்கருவேல முள். நடு நடுவே குப்பை. குப்பையோடு தோல் வெட்டுத் துண்டு மூட்டைகள். பாய் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "நம்ம சரக்குதான்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

வளைவின் கோடியில் ஒரு கல் சாய்ந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று பாதி புதைந்து, அதன் மேல் இருக்கவேண்டிய பலகைக் கல் கீழே கிடந்தது. நாங்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்தார்.

"இன்னா தேடுறீங்க?"

"இது என்ன கல்லும்மா?"

"சொமதாங்கி. புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணுக்காக வச்சது. எங்க மாமியா சொல்லும். தலையில வெறகு கட்டு இருந்தா இதும் மேல சாச்சி எறக்கிட்டு மூச்சு வாங்குவோம். கீழ எறக்கினா திரும்ப ஏத்த ஆள் வேணும் இல்ல? இப்ப யாரு இந்தப் பக்கம் நடக்கறா?"

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் சுமைதாங்கியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமை உயரத்துக்கு இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் சுமை இறங்கவில்லை என்று, அவள் நினைவாக வழிப்போக்கர் சுமை இறக்க ஓர் இடம் வைத்தார்கள் நம் முன்னோர்கள். இதைவிடக் கருணையான ஒரு நினைவுச்சின்னத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

நடப்பவனை மதிப்பது நமக்குப் புதிதல்ல. தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் 13ஆம் நூற்றாண்டின் காதக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் வெட்டியிருக்கிறது. அதோடு பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழியும், ஒன்பது சிறிய குழியும் போட்டிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவனும் தடவிப் பார்த்துத் தூரம் தெரிந்துகொள்ளட்டும் என்று! அப்படி நினைத்துப் பார்த்த நாட்டில்தான் நாம் இருக்கிறோம்.

கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் சாப்பாட்டுப் பை. இந்த வளைவு வழியாக வந்தால் ஃபேக்டரிப் பக்கம் போய்ச் சேரலாம். ஆனால் முள்ளும் குப்பையும் அடைத்திருக்கிறதே! அதனால் நெடுஞ்சாலை ஓரமாக, கண்டெய்னர் லாரிக்கு ஒரு முழம் தள்ளி, வரிசையாகப் போனார்கள். ஒவ்வொரு லாரிக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடந்தார்கள்.

இப்போது, நான் இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். 2009இல் நான் க்ளோசிங் செக்ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஷிப்மெண்ட் அவசரம். அப்பர் தைக்கிற பெண்களை, "பத்து நிமிஷம், இந்த லாட்டை முடிச்சிட்டுப் போங்கம்மா" என்று நிறுத்தி வைத்தேன். கம்பெனி வேன் போய்விட்டது. அவர்கள் டவுன் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தார்கள். ஒரு பெண் வீடு போய்ச் சேரவில்லை. இருபத்திரண்டு வயது.

விசாரணை நடந்தது, நஷ்டஈடு கொடுத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் அம்மா கூடக் கேட்கவில்லை. "நீங்க நல்லவருன்னு பொண்ணு சொல்லும் சார்" என்றார். பத்து நிமிஷம் என்று சொன்னது நான்தான் என்று அன்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

அந்த அமெரிக்கக் கூரையின் கீழே ஏன் நின்றுவிட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

நண்பர்களே, பாலாற்றை நம் தொழில் என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. சட்ட மாணவர்கள் நாடெங்கும் படிக்கிற தீர்ப்பு. அது நம் ஊர்த் தீர்ப்பு என்பதில் பெருமையா சிறுமையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆறு பெரிய விஷயம், இன்னும் தீராத விஷயம். ரோடு சின்ன விஷயம். ஆனால் நியாயம் ஒன்றுதான். இந்த வழியால் வாழ்ந்தவர்கள் நாம். நடக்கிறவர்களுக்கு ஒரு பங்கு திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

இனி என் வேண்டுகோள். மூன்றே மூன்று.

ஒன்று, தேடுவது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் பழைய டிரங்க் ரோட்டின் விட்டுப்போன துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று மாணவர்கள் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மரம், மைல் கல், சுமைதாங்கி, கிணறு, சத்திரம் எல்லாவற்றையும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். அந்த நிலம் சாலைப் புறம்போக்கா, வேறு எதுவுமா என்று புலப்படத்தைப் பார்த்தால் தெரியும். புலப்படம் இப்போது கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறது. தராத விவரத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்த இடத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்குள் இன்னும் நாலு துண்டு உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டு, ஒரே ஒரு துண்டை மீட்பது. அந்த முக்கால் கிலோமீட்டர் போதும். நெடுஞ்சாலைத் துறையிடமும் ஊராட்சியிடமும் முறையாக அனுமதி கேட்போம். முள்ளை வெட்டி, குப்பையை அகற்றி, செத்த மரத்துக்குப் பதில் புளியும் புங்கமும் வைத்து, இரண்டு விளக்கு போட்டு, அந்தச் சுமைதாங்கியை நிமிர்த்தி வைப்போம். கல்லை நிமிர்த்தும்போது அந்த ஊர்ப் பெண்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். அது அவர்கள் கல். இது சுரங்க நடைபாதைக்கோ மேம்பாலத்துக்கோ ஈடாகாது. அதை விடாமல் கேட்போம். கேட்டுக்கொண்டே இதைச் செய்வோம்.

மூன்று, காசு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் பார்க்கும் நிறுவனங்கள் அதில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த அரங்கத்திலேயே ஃபேக்டரி முதலாளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், நான் எல்லோரையும் பார்த்துவிட்டேன். உங்கள் ஷிஃப்டுக்கு வருகிற கால்கள்தான் அந்த வழியில் நடக்கப்போகின்றன.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று ஆசிரியர் நண்பர் அன்று கேட்டார். பாய்தான் பதில் சொன்னார்: "ஏம்பா, நாப்பது வருஷம் எடுத்துக்கிட்டாங்களாம். நமக்கு முக்கா கிலோமீட்டருக்கு நாலு வருஷம் ஆகாதா?" சொன்னதோடு நிற்காமல், அடுத்த வாரமே தன் செலவில் இரண்டு ஆள் வைத்து அந்தத் தோல் வெட்டுத் துண்டு மூட்டைகளை அள்ளி, ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் கல்லூரி வாசலில் நாங்கள் மூவரும் நிற்போம். வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். பயப்பட வேண்டாம், ரொம்ப சுலபமான நடை, என் பேத்தி பாஷையில் 'ஈஸி ஹைக்'. தண்ணீர் எடுத்து வாருங்கள். கையுறை இருந்தால் முள்ளுக்கு உதவும். முடிந்ததும் பிரியாணிக்குப் பாய் பொறுப்பு ஏற்றிருக்கிறார். காலுக்கு நல்ல ஷூ போட்டு வாருங்கள். யார் தைத்தது என்று நான் குனிந்து பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.